கதீட்டர் என்னும் வடிகுழாய்

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கதீட்டர்’ என்று எழுதியிருக்கும். வார்டில் செவிலியர் ‘ஃபோலீஸ்’ என்பார். வீட்டார் ‘யூரின் ட்யூப் போட்டிருக்காங்க’ என்பார்கள். மூன்றும் ஒரே பொருள்தான். உடலுக்குள் தேங்கிய நீரை வெளியே கொண்டுவரச் செருகும் மெல்லிய, வளையும் குழாய். இலங்கை வழக்கில் இதைக் கதீற்றர் என்று எழுதுவார்கள். தமிழ்ச் சொல் வடிகுழாய். சிறுநீர்ப்பையில் வைப்பது சிறுநீர் வடிகுழாய், நெஞ்சுக்கூட்டில் நீரோ சீழோ கோத்துக்கொண்டால் வைப்பது மார்பு வடிகுழாய்.

கதீட்டர் கிரேக்கத்தில் பிறந்த சொல். ‘கதா’ என்றால் கீழ்நோக்கி, ‘ஹியெனாய்’ என்றால் விடுதல், அனுப்புதல். இரண்டும் சேர்ந்து ‘கதியெனாய்’, அதாவது கீழே இறக்குதல். அப்படி இறக்கப்படும் கருவி ‘கதெதேர்’. அது லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், மருத்துவத்தோடு நம்மிடம் வந்தது. பள்ளி வேதியியலில் படித்த கேத்தோடு என்ற சொல்லின் முன்பாதியும் இதே ‘கதா’தான்.

கிரேக்கச் சொல் மருத்துவரின் கை செய்வதைச் சொல்கிறது: இறக்குகிறார். தமிழ்ச் சொல் உள்ளே இருக்கும் நீர் செய்வதைச் சொல்கிறது: வடிகிறது. நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் இரண்டாவதுதான் உதவும் என்பது என் உறுதியான எண்ணம். குழாயை இறக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்புறம் நாள்கணக்கில் நடப்பது வடிதல்.

பொருள் மிகப் பழையது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில், ‘அறுவை மருத்துவர் வீடு’ என்று இன்று அழைக்கப்படும் இடத்தில் வெண்கலச் சிறுநீர்க் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. ஆணுக்கானது உடலின் வளைவுக்கு ஏற்ப இரட்டை வளைவாக இருக்கும். நம் நாட்டில் சுசுருத சங்கிதை நெய் தடவிச் செருகும் குழாய்களைப் பற்றிப் பேசுகிறது. 1752இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், சிறுநீர்ப்பைக் கல்லால் அவதிப்பட்ட தன் அண்ணன் ஜானுக்காக, சிறு சிறு வெள்ளித் துண்டுகளைக் கோத்து வளையும் குழாய் ஒன்றைச் செய்வித்து அனுப்பினார். இந்த உலோகக் குழாய்கள் பெரும்பாலும் செருகி, சிறுநீரை எடுத்துவிட்டு, உடனே உருவிவிடுவதற்கானவை. ரப்பர் வந்தபின் குழாய் மென்மையானது. ஆனாலும் உள்ளேயே நிற்க வேண்டுமென்றால் நாடாவால் கட்ட வேண்டும், இல்லையென்றால் தையல் போட வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குத்தான் 1930களில் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி விடை கண்டார். குழாயின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பலூன். உள்ளே போனதும் அதில் நீர் ஏற்றினால் சிறுநீர்ப்பையின் வாயில் தங்கிக்கொள்ளும், வெளியே நழுவாது. ‘ஃபோலீஸ்’ என்று வார்டில் ஒலிப்பது அவர் பெயர்தான்.

அந்தக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தால், வெளிமுனை இரண்டாகப் பிரிந்திருக்கும். அகன்ற வாய் சிறுநீருக்கு, ஒடுங்கிய வாய் பலூனுக்கு. பலூன் வாயில் ஒரு வண்ண வளையம். பச்சை என்றால் 14, ஆரஞ்சு என்றால் 16, சிவப்பு என்றால் 18. இந்த எண்ணுக்குப் ‘பிரெஞ்சு’ அளவு என்று பெயர். பாரிஸில் கருவிகள் செய்த ஷாரியேர் வகுத்தது. எண்ணை மூன்றால் வகுத்தால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 14 என்றால் ஏறக்குறைய 4.7 மி.மீ. இது வெளிப்புற அளவு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். சிலிக்கோன் குழாயின் சுவர் மெல்லியது, லேடெக்ஸ் குழாயின் சுவர் தடித்தது. அதனால் ஒரே எண் போட்ட இரண்டு குழாய்களில் சிலிக்கோனில் உள்வழி அகலமாக இருக்கும். பலூனில் பெரியவர்களுக்கு வழக்கமாக 10 மி.லி. கிருமி நீக்கிய நீர் ஏற்றுவார்கள். உப்புநீர் ஏற்றினால் உப்பு படிந்து பலூனுக்குப் போகும் நுண்வழி அடைபடலாம், பிறகு பலூனைச் சுருக்க முடியாமல் போகும்.

சரி, வடிகுழாய் முழுதாக வடிக்கிறதா? இல்லை. ஃபோலியின் அமைப்பில் சிறுநீர் நுழையும் துளை பலூனுக்கு மேலே இருக்கிறது. பலூனோ சிறுநீர்ப்பையின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. துளையின் மட்டத்துக்குக் கீழே உள்ள சிறுநீருக்கு வழி இல்லை. கொஞ்சம் எப்போதும் தேங்கியே நிற்கும். தேங்கிய நீரில் கிருமி வளரும். இயல்பான சிறுநீர்ப்பை நிரம்பி, மொத்தமாகக் காலியாகும்போது கிருமிகளையும் அடித்துக்கொண்டு போய்விடும். குழாய் வைத்ததும் அந்தக் காப்பு போய்விடுகிறது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. கிருமி சேர்ந்த எல்லோருக்கும் நோய் வராது. ஆனால் வருபவர்களில் சிலருக்கு அது இரத்தம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகும்.

கிருமிகள் குழாயின் சுவரில் வழவழப்பான படலமாகப் படிந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற கிருமி இன்னும் மோசம். அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீரின் காரத்தன்மை கூடும், மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகங்களாகத் துளையில் படிந்து குழாயை அடைத்துவிடும். வெள்ளி பூசினால் கிருமி சேராது என்று நம்பிப் பல மருத்துவமனைகள் கூடுதல் விலை கொடுத்தன. பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், குறுகிய காலம் வைக்கும் குழாய்களில் வெள்ளிப் பூச்சு நோய்த்தொற்றைக் குறைப்பதாகத் தெரியவில்லை. பூச்சைவிட வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லும் வடிவமைப்பாளர்கள் பக்கமே நான் நிற்கிறேன். துளையைக் கீழே கொண்டுவருவது, சுவரில் உரசும் நுனியை நீக்குவது, பலூன் தவறான இடத்தில் விரிந்தால் அழுத்தம் கூடும்போதே நீரை வெளியே விட்டுவிடும் வால்வு வைப்பது என்று முயற்சிகள் நடந்துவருகின்றன. இந்தக் கடைசி ஏற்பாடு மிகவும் தேவையானது. சிறுநீர்ப்பையை எட்டும் முன்பே, வழியிலேயே பலூனை ஊதிவிட்டால் சிறுநீர்ப் பாதையின் உட்சுவர் கிழிந்துவிடலாம். அந்தக் காயத்தின் தழும்பு பின்னால் வழியையே சுருக்கிவிடலாம்.

இதுவரை வந்த மாற்றங்களில் பெரும்பலன் தந்தது மிக எளியது: மூடிய பை. முன்பெல்லாம் குழாயின் முனை திறந்த பாத்திரத்தில் தொங்கும். நான்கே நாளில் ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் கிருமி சேர்ந்துவிடும். காற்றுப் படாதபடி மூடிய பையோடு இணைத்தால் அது வெகுவாகக் குறையும் என்பதை 1966இல் கியூனினும் மெக்கார்மக்கும் வெளியிட்ட ஆய்வு உறுதிப்படுத்தியது. இன்று நாம் யூரோபேக் என்று சொல்லும் பை அந்த வழியில் வந்தது.

வடி என்ற வினையைக் கொஞ்சம் பார்ப்போம். வெள்ளம் வடியும், வீக்கம் வடியும், புண்ணிலிருந்து சீழ் வடியும். கஞ்சியை வடிப்போம், வயலுக்கு வடிகால் வெட்டுவோம். எல்லாவற்றிலும் நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, நிறைந்த இடத்திலிருந்து விலகிப் போகிறது. இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், தாழ்வு இருந்தால் போதும். வடிகுழாய்ப் பராமரிப்பும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் அழைத்துப் போகும்போது பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவது வார்டுகளில் சாதாரணமாக நடக்கிறது. அந்த நேரத்தில் பையில் இருந்த பழைய சிறுநீர் உள்ளேயே திரும்பலாம். திரும்பவிடாத வால்வு பையில் இருந்தாலும் அதை மட்டும் நம்பக்கூடாது. குழாய் தொடைக்கு அடியில் மாட்டி நசுங்கினாலும், நடுவில் தொங்கி வளைந்து அதில் சிறுநீர் நின்றாலும் வடிதல் நின்றுவிடும். பரிசோதனைக்குச் சிறுநீர் வேண்டுமென்றால், குழாயைப் பையிலிருந்து கழற்றாமல், அதற்கென்றே உள்ள வாயில் ஊசிக்குழலால் எடுக்க வேண்டும். ‘வடிகுழாய் வைத்திருக்கிறோம், வடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று செவிலியர் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் வேலை இன்னதென்று புரியும். ‘கதீட்டர் கேர்’ என்றால் படித்தவருக்கே புரிவதில்லை.

எந்த வடிகுழாயும் தேவைக்கு மேல் ஒரு நாள்கூட உள்ளே இருக்கக் கூடாது. ‘இன்னும் இது வேண்டுமா?’ என்று மருத்துவரிடம் தினமும் கேட்பதில் தவறே இல்லை. நெடுநாள் தேவைப்படுவோர் பலருக்கு, ஒரு நாளில் சில முறை தாங்களே சுத்தமாகச் செருகி, வடித்துவிட்டு, எடுத்துவிடும் முறை உண்டு. 1972இல் அமெரிக்க மருத்துவர் லாப்பிடஸ் இதைப் பரவலாக்கினார். பழைய உலோகக் குழாய்க் காலத்தின் செருகி எடுக்கும் வழக்கமே வேறு உருவில் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

இனி, சொல்லில் வரும் ஒரு சிக்கல். எல்லாக் கதீட்டரும் வடிப்பதில்லை. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், சிறுநீர்ப் பாதைக்கான மெல்லிய குழாய் ஒன்றைத் தன் கையின் இரத்த நாளம் வழியாகச் செலுத்தி இதயம் வரை கொண்டுபோனார். 1956இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று இதய அடைப்பைப் பார்க்கச் செலுத்துவதும், இரத்த நாளம் வழி மருந்து ஏற்ற வைப்பதும் அதே பெயரில்தான் வழங்குகின்றன. அங்கே வடிய எதுவும் இல்லை. அவற்றைச் செருகுகுழாய் என்று எழுதுவதே பொருந்தும். கதீட்டர் என்று கண்ட இடமெல்லாம் வடிகுழாய் என்று மாற்றுவது பிழை, சில நேரம் ஆபத்தும்கூட. மருந்து உள்ளே போகும் குழாயையும் கழிவு வெளியே வரும் குழாயையும் ஒரே பெயரில் சொல்லாமல் இருப்பது நோயாளிக்கு நல்லது.

எழுதும்போது வடிகுழாய் என்றே எழுத வேண்டும், ‘வடிக்குழாய்’ என்று அல்ல. நேற்று வடிந்த, இன்று வடிகின்ற, நாளை வடியும் குழாய் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை இது. ஊறுகாய், சுடுசோறு போல இங்கும் வலி மிகாது. செருகுகுழாய்க்கும் அதே விதி.