“பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்”

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ குணமாகாத நோய் என்று தெரிந்ததும், வீட்டுப் பெரியவர்கள் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான்: “பரீட்சை நேரம், பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.” அந்தப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பேசினால், பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒரு பதினைந்து வயதுப் பெண், அப்பாவின் மாத்திரை அட்டையில் இருந்த பெயரை போனில் தேடி, எந்த நோய்க்குக் கொடுப்பார்கள் என்பது வரை படித்து வைத்திருந்தாள். வீட்டில் “வயிற்றுப்புண்தான், சரியாகிவிடும்” என்றார்கள், அவளும் நம்பியதுபோலவே நடந்துகொண்டாள். அப்பாவிடம் கேட்க நினைத்ததை எல்லாம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ராத்திரி தூங்காமல், தலைவலி என்று என்னிடம் வந்தாள்.

சொல்லிவிடுங்கள். “உனக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறாய்?” என்று முதலில் கேளுங்கள். அப்புறம் நோயின் பெயர், சிகிச்சை குணப்படுத்தவா, வலியைக் குறைக்கவா என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. நாள் நெருங்கும்போது, இறந்துபோகக்கூடும் என்பதையும் மழுப்பாமல் சொல்லத்தான் வேண்டும், அப்போதுதான் மிச்சமிருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்வதா, கோபத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பதா என்று அந்தப் பிள்ளையால் முடிவு செய்ய முடியும். “நீ சண்டை போட்டதால் வந்த நோய் இல்லை” என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பையனுக்கும் அது தேவைப்படுகிறது.

இழப்புக்குப் பிறகு, அழாத பிள்ளையைப் பார்த்து “கல்நெஞ்சு” என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குத் தாங்காது. காலையில் சிரித்து விளையாடிவிட்டு, மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவது துக்கத்தின் இயல்பான போக்கு. துக்கப்படுபவர்கள் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே மாறிமாறிப் போய்வருவதை ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கினார்கள். நீண்ட நாள் நோய்க்குப் பிறகு ‘அப்பாடா’ என்று ஒரு நிம்மதி வருவதும், அடுத்த நொடியே அதற்காகக் குற்ற உணர்ச்சியில் துடிப்பதும் உண்டு. அதைப் பிள்ளைகள் யாரிடமும் சொல்ல மாட்டார்கள், நீங்களே பேச்சை எடுங்கள். தயவுசெய்து சாவு வீட்டில் நின்று, “இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்” என்று பையன் தலையில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

தீராத ஏக்கம், எதிலும் பிடிப்பில்லாமை, பள்ளிக்குப் போக மறுப்பது, இதெல்லாம் 6 மாதம் தாண்டியும் ஏறக்குறைய தினமும் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிவாருங்கள். போதைப் பழக்கம் எட்டிப் பார்த்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். “நானும் போய்விடணும்போல இருக்கு” என்று சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள்.