லியோமயோமா: மென்மையா, வழவழப்பா?

இரைப்பைப் பரிசோதனை அறிக்கையில் 'லியோமயோமா' என்று பார்த்துவிட்டு இணையத்தில் தேடினால் கருப்பைக் கட்டிகள்தான் வந்து நிற்கும். தவறில்லை. இரு உறுப்புகளின் சுவரிலும் இருப்பது ஒரே வகைத் தசை. அதில் முளைக்கும் தீங்கற்ற கட்டிக்கும் பெயர் ஒன்றே.

கிரேக்கத்தில் 'லெயோஸ்' வழவழப்பு, 'மூஸ்' தசை, 'ஓமா' கட்டி. ('மூஸ்' எலியும்தான், தோலுக்கடியில் தசை அசைவது எலி ஓடுவதுபோல் பட்டிருக்க வேண்டும்.) தமிழில் 'மென்தசை' என்று எழுதுவோர் உண்டு. மென்மை வேறு, வழவழப்பு வேறு. இந்தக் கட்டியோ தொட்டால் ரப்பர்போல் கெட்டியாக இருக்கும். எலும்போடு ஒட்டிய தசையில் நுண்ணோக்கி காட்டும் குறுக்கு வரிகள் இதில் கிடையா. ஆகவே 'வரியற்ற தசைக் கட்டி' என்பதே சரி. இதன் இணையான ராப்டோமயோமா 'வரித்தசைக் கட்டி' ஆகிவிடும். கருப்பைக்குப் பழகிப்போன 'நார்க்கட்டி'யை இங்கே இழுத்துவர வேண்டாம்.

பெயரில் இன்னொரு சிக்கல். ஜிஸ்ட் (GIST, இரைப்பை-குடல் இணைப்புத்திசுக் கட்டி) எனப்படும் கட்டியும் இரைப்பைச் சுவரில்தான் வளரும். அது புற்றாக மாறக்கூடியது. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோட்டாவின் குழுவினர் அதில் கிட் (KIT) என்னும் மரபணுவின் மாற்றத்தைக் கண்டறிவதற்கு முன், ஜிஸ்ட் கட்டிகள் பலவும் லியோமயோமா என்றே பதிவாகியிருந்தன.

இப்போதும் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். கட்டி சளிச்சவ்வுக்கு அடியில் இருப்பதால், எண்டோஸ்கோப்பியில் மேலாகக் கிள்ளியெடுக்கும் சதை பெரும்பாலும் 'இயல்பு' என்றே வரும். எண்டோஸ்கோப்பி வழியே செய்யும் அல்ட்ராசவுண்டில், சுவரின் ஐந்து அடுக்குகளில் நான்காவதான தசை அடுக்கிலிருந்து கட்டி கருமையாகத் தெரியும், ஜிஸ்டும் அப்படியே. ஊசியால் திசு எடுத்துச் சாயமிட வேண்டும்: தசைப் புரதமான டெஸ்மின் பாசிட்டிவ், கிட் மரபணுவின் புரதமான சிடி 117 நெகட்டிவ் என்றால் லியோமயோமா.

2 செ.மீ.க்குள் இருந்து தொந்தரவும் தராவிட்டால் கண்காணிப்பு போதும். இரத்தக் கசிவு, வளர்ச்சி, அடைப்பு இருந்தால் லேப்ராஸ்கோப்பி வழியே சுவரோடு ஆப்புபோல் வெட்டியெடுப்பார்கள். நிணநீர்க் கணுக்களை அகற்றத் தேவையில்லை. சங்கடம், இக்கட்டி அடிக்கடி வருவது உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் வாயருகே என்பதுதான். அங்கே ஸ்டேப்ளர் வைத்தால் வழி குறுகி உணவு சிக்கும். எனவே சுவரை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் தோண்டியெடுப்பதுண்டு. ஆனால் ஜிஸ்ட் இல்லை என்று உறுதியான பிறகே அதைச் செய்யலாம். ஜிஸ்டின் உறை கிழிந்தால் அதன் செல்கள் வயிற்றறைக்குள் சிந்தி மறுபடி முளைக்கும்.