மீள்வரவு: மறியலில் இருந்து வீடு வரும் வழிக்கு ஒரு சொல்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் சிறைக்குப் பெயர் மறியல். தமிழ்நாட்டில் மறியல் என்றால் வீதியில் இருந்து பேருந்தை மறிப்பது. எங்களுக்கு அது ஆளை மறித்து வைக்கும் இடம். வழக்கு முடியும் முன்னர் அடைத்து வைத்தால் விளக்கமறியல். வழக்கை விசாரிப்பதை ‘விளங்குதல்’ என்று சொன்ன பழைய நீதிமன்றத் தமிழ் அந்தச் சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சரி, உள்ளே போவதற்கு இவ்வளவு சொல் இருக்கிறது. வெளியே வருவதற்கு?

ஆங்கிலத்தில் ‘ரீஎன்ட்ரி’ என்கிறார்கள். 1990களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில், சட்டமா அதிபர் ஜனட் ரீனோவும் நீதித்துறை ஆய்வு நிறுவனத்தின் தலைவர் ஜெரமி டிராவிஸும் இதை அரசின் கொள்கைச் சொல்லாக்கினார்கள். 2008இல், சிறையிருந்து வருபவர்களுக்கு உதவும் திட்டங்களுக்கு நிதி கொடுக்கும் இரண்டாம் வாய்ப்புச் சட்டம் வந்தது. இன்று பல மாநிலங்களில் இதற்கென ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. சிறை, தொழில், வீடமைப்பு, சுகாதாரம் பார்க்கும் அதிகாரிகளும் தொண்டு அமைப்புகளும், சில இடங்களில் சிறையிருந்து வந்தவர்களும் ஒரே மேசையில் இருப்பார்கள். அடையாள அட்டை இல்லாமல் வெளியே வருபவருக்கு வீட்டை யார் வாடகைக்குக் கொடுப்பார், பழைய தண்டனை எந்தத் தொழில் உரிமத்தைத் தடுக்கிறது என்று பார்த்து ஆளுநருக்கோ சட்டசபைக்கோ பரிந்துரைப்பார்கள். கட்டளையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் ஆலோசனைக் குழு என்கிறேன். ஆங்கிலத்தில் ‘கவுன்சில்’ என்பதைச் ‘சபை’ என்றால் எங்கள் காதில் பிரதேச சபை, மாகாண சபை என்று ஆளும் சபையாகவே விழும்.

‘மறுநுழைவு’ என்று எழுதலாமா? விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்புவதற்கு அது பொருந்தும். வீட்டுக்கு வருபவர் நுழைவதில்லை, வருகிறார்.

‘புனர்வாழ்வு’ தயாராக இருக்கிறதே என்பீர்கள். அது ‘ரிஹபிலிட்டேஷன்’ என்பதற்கு இலங்கை வழங்கிய தமிழ், தமிழ்நாட்டில் மறுவாழ்வு. லத்தீன் வேரில் ‘தகுதியுள்ள’ என்ற பொருள் கிடக்கிறது. இழந்த தகுதியைத் திருப்பிக் கொடுப்பதே பழைய கருத்து. ஆனால் 2009க்குப் பின்னர் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வழக்கே விளங்கப்படவில்லை. வீடு வந்த பிறகும் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் முட்கம்பிதான் நினைவுக்கு வருகிறது. அதை இதற்கு எடுக்க எனக்கு மனம் இல்லை.

என் தெரிவு ‘மீள்வரவு’. மீள்தல் என்றால் திரும்புதல், விடுபடுதலும் அதுவே. அடகு வைத்த சங்கிலியை மீட்கிறோம். சுந்தரர் ‘மீளா அடிமை’ என்றது விடுதலை கேளாத அடிமையை. இடம்பெயர்ந்து திரும்பிய எங்களுக்கு மீள்குடியேற்றம் வீட்டுச் சொல். வரவு என்பதில் நல்வரவும் கேட்கிறது. ஆகவே மாநில மீள்வரவு ஆலோசனைக் குழு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் இரண்டு வருடம் மறியலில் இருந்து வந்தான். கையில் ஒரு சொப்பிங் பை மட்டும். அம்மம்மா படலையிலேயே மறித்து, கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார். அப்புறம்தான் சோறு. அடுத்த மாதம் வேலைக்கு ஒரு விண்ணப்பப் படிவம் எடுத்து வந்தான். ‘நீதிமன்றம் ஒன்றினால் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டுள்ளீரா?’ என்ற கேள்வி வரைக்கும் நிரப்பியிருந்தான். அதற்குக் கீழே வெற்றுத்தாள். அமெரிக்காவில் 1998இல் ஹவாய் மாநிலம், வேலை தர முன்வந்த பின்னரே இதைக் கேட்கலாம் என்று சட்டம் போட்டது. அதன் பிறகு பல மாநிலங்கள் அந்த வழியில் வந்தன.

பெடியனை ஒரு மேசன் கையுதவிக்குச் சேர்த்துக்கொண்டார். ஊரார் ‘மறியலால வந்தவன்’ என்றார்கள். அம்மம்மா யார் கேட்டாலும் ‘தம்பி வந்திட்டான்’ என்று மட்டும் சொன்னார். நான் வரவு என்ற சொல்லை எடுத்தது அவர் வாயில் இருந்து.