சிவப்புப் புள்ளி எதையும் அளப்பதில்லை

வெப்பநிலைக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுப்பது என் வேலை. போன வாரம் ஒரு டெம்பரேச்சர் கன் மேசைக்கு வந்தது; தொடாமலே வெப்பநிலை காட்டும், காட்டுகிற இடத்தில் சிவப்பு லேசர் புள்ளி விழும், அந்தக் கருவிதான். மேலே "தப்பான ரீடிங், ரிப்பேர்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். சோதனை உலையை 100 டிகிரி செல்சியஸில் நிறுத்தி அதன் வாய்க்கு நேரே கன்னைப் பிடித்தேன். 99.4 காட்டியது. 50 டிகிரியில் 50.3. கருவியில் ஒரு குறையும் இல்லை.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பராமரிப்பு வேலையின்போது ஒரு ஃபிட்டர் பளபளப்பான ஸ்டீல் பைப் மீது கன்னைக் காட்டியிருக்கிறார். 48 டிகிரி என்று வந்திருக்கிறது. ஆறிவிட்டது என்று நம்பி, வால்வைக் கழற்றுவதற்காக இடது கையால் பைப்பைப் பிடித்துவிட்டார். பிறகு தொட்டு அளக்கும் புரோபை வைத்துப் பார்த்தால் 118. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இந்த வருடம் என் காதுக்கு எட்டிய மூன்றாவது கை இது. மூன்று பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: "லேசர் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் சார் தொட்டேன்."

லேசர் அடித்து வெப்பநிலை பார்க்க முடியாது. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மண்டையில் ஏற மறுக்கிறது. அந்தச் சிவப்புப் புள்ளி ஓடிப்போய், பைப்பைத் தொட்டு, சூட்டை விசாரித்துக்கொண்டு திரும்பி வருவதில்லை. கன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உங்களுக்குக் காட்டுவதற்காக வைத்த விளக்கு அது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் லேசர் வரும் துளையை மட்டும் மூடிவிட்டு அளந்து பாருங்கள். அதே ரீடிங் வரும். பயிற்சி வகுப்பில் இதைச் செய்து காட்டினால் பாதிப் பேர் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

அளப்பதற்காகக் கன் எதையும் அனுப்புவதில்லை, வாங்கத்தான் செய்கிறது. சூடு உள்ள எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது பாதரசம் ஏறியதே, அதே கதிர்தான். கன்னின் லென்ஸ் அதைக் குவித்து உணரியின் (சென்சாரின்) மேல் விழவைக்கிறது. திரையில் வரும் எண், வந்து விழுந்த கதிரை வைத்துப் போட்ட கணக்கு. (2020-இல் நெற்றியில் பிடிக்கும் கருவி மூளையைப் பாதிக்கும் என்று ஒரு வதந்தி சுற்றியது. அனுப்பாத கதிர் எப்படிப் பாதிக்கும்? லேசர் உள்ள கன்னைக் கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள். அது வேறு கதை, அது நிஜமான ஆபத்து.)

கணக்கு எங்கே சறுக்குகிறது? ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லாப் பரப்பும் ஒரே அளவு கதிர் விடுவதில்லை. ஒரு பரப்பு எந்த அளவுக்குக் கதிர் விடும் என்பதை 0 முதல் 1 வரையான எண்ணாகச் சொல்வதற்கு உமிழ்திறன் என்று பெயர். மனிதத் தோலுக்கு 0.98, மங்கலான பெயின்ட்டுக்கும் ரப்பருக்கும் 0.95-ஐ ஒட்டி. மெருகேற்றிய ஸ்டீலுக்கோ 0.1, 0.2 என்ற அளவுதான், அலுமினியத்துக்கு இன்னும் குறைவு. பெரும்பாலான கன்கள் 0.95 என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகின்றன. பளபளப்பான பைப் அகச்சிவப்புக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. அந்த ஃபிட்டரின் கன் பெரும்பாலும் பார்த்தது பைப்பை அல்ல, பைப்பில் தெரிந்த சுவரையும் கூரையையும் அவரையும்தான். அதனால்தான் 118 என்பது 48 ஆனது. பக்கத்தில் உலை எரிந்திருந்தால் ஆறிய பைப் கொதிப்பதாகக்கூடக் காட்டியிருக்கும்.

கன்னில் உமிழ்திறனை 0.15 என்று மாற்றிவிட்டால் போதாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். போதாது. லேசாக எண்ணெய் படிந்தாலும் துரு பிடித்தாலும் அந்த எண் மாறிவிடும். அளக்க வேண்டிய இடத்தில், பைப் குளிர்ந்திருக்கும்போதே, ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி வையுங்கள். பிறகு அந்தத் துண்டைப் பார்த்து அளங்கள். சாதாரண டேப் 80 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேலே என்றால் சூடு தாங்கும் மங்கலான கறுப்பு பெயின்ட், அல்லது தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் புரோப். புரோபையும் தொட்டவுடன் எடுத்துவிடாதீர்கள். தொட்டு அளக்கும் எந்த வெப்பமானியும் தன் முனையின் வெப்பநிலையைத்தான் சொல்லும், முனை சூடேற அவகாசம் கொடுங்கள்.

தூரமும் கவனம். கன்னின் மேல் 12:1 என்று போட்டிருந்தால், 120 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் அது பார்ப்பது 10 சென்டிமீட்டர் வட்டம். உங்கள் பைப் 5 சென்டிமீட்டர்தான் என்றால் மிச்சத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரைச் சேர்த்து அளக்கிறீர்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக அளந்தால் கிடைப்பது கண்ணாடியின் வெப்பநிலை. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துவந்த கன்னை அரை மணி நேரம் சும்மா விடுங்கள்.

"கையை வெச்சாலே தெரியும்" என்கிற மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கை வெப்பநிலையை அளப்பதில்லை, வெப்பம் எவ்வளவு வேகமாகக் கைக்குள் பாய்கிறது என்பதைத்தான் உணர்கிறது. ஒரே அறையில் கிடக்கும் இரும்புக் கம்பி சில்லென்றும் மரக்கட்டை அப்படி இல்லாமலும் இருப்பது அதனால்தான். கிரைண்டரில் பறக்கும் பொறி 1000 டிகிரிக்கு மேல் இருந்தும் கையில் பட்டால் சுருக்கென்று குத்திவிட்டுப் போய்விடுகிறது. அதில் வெப்பம் துளியூண்டு. 60 டிகிரி தண்ணீரோ சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வெப்பநிலையும் வெப்பமும் ஒன்றல்ல.

காய்ச்சல் பார்ப்பதற்குத் தொழிற்சாலைக் கன்னைத் தூக்காதீர்கள். இரண்டு டிகிரி பிழை பைப்புக்குப் பரவாயில்லை. குழந்தைக்கோ 37-க்கும் 39-க்கும் நடுவில் இருப்பதே அந்த இரண்டு டிகிரிதான்.

கை சுட்டுவிட்டால் மோதிரம், கடிகாரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். அந்த ஃபிட்டருக்குப் பற்பசை தடவியிருக்கிறார்கள். மருத்துவமனையில் முதலில் அதைக் கழுவத்தான் நேரம் பிடித்ததாம், அவர் அலறியதும் அப்போதுதானாம்.