நகரவியலில் பிஎச்.டி. சேரும் முன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். அம்மாப்பேட்டைக்காரர். ரெக்ஸின் அட்டை போட்டு, பொன்னெழுத்து பதித்த ஆய்வேட்டை மேசையில் வைத்தார். வைவா, அதாவது பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு, முடிந்து எட்டு மாதம் ஆகிறதாம். "மேடம், எங்க அப்ளை பண்ணினாலும் பதிலே வர்றதில்லை. நான் எதுல தப்பு பண்ணினேன்னே தெரியல" என்றார்.

நகரமைப்புத் தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன். நானும் ஆய்வுப் பட்டம் வாங்கியவள். வருடத்துக்கு நாலைந்து பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு வருகிறார்களே என்பதுதான் என் வருத்தம். சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நகரமைப்பு வேறு, நகரவியல் வேறு. நகரத்துக்குத் திட்டம் போடும் தொழிற்படிப்பு நகரமைப்பு; நகர வாழ்க்கையை ஆராய்வது நகரவியல். 2021இல் மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, மாநிலங்களில் 12,000க்கும் மேல் நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவை என்றது. ஒப்புதல் பெற்றவை 4,000க்கும் குறைவு, அதிலும் பாதி காலி. இதைப் படித்துவிட்டு, பிஎச்.டி. முடித்தால் அரசு வேலை காத்திருக்கிறது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். ஆனால் நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி பார்ப்பது நகரமைப்புப் படிப்பை. எம்.ஏ. சமூகவியல் படித்துவிட்டு, சேலத்தைப் பற்றி எவ்வளவு நல்ல ஆய்வு செய்திருந்தாலும் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. முனைவர் பட்டம் அந்தக் குறையை ஈடுகட்டாது.

சரி, கல்லூரி ஆசிரியர் வேலை? உதவிப் பேராசிரியர் ஆக நெட் (தேசிய தகுதித் தேர்வு), செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தகுதியே குறைந்தபட்சம், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023 ஜூலையிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி இருக்கிறது. நெட்டில் நகரவியலுக்குத் தனித் தாள் கிடையாது. உங்கள் முதுகலைப் பாடத்தில்தான் எழுத வேண்டும்: புவியியலோ, சமூகவியலோ, பொருளியலோ. கல்லூரிகளில் இருப்பதும் அந்தத் துறைகள்தான். ஆகவே பட்டச் சான்றிதழில் எந்தத் துறையின் பெயர் வரும் என்று சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல பேர் கடைசி வருடத்தில்தான் இதைப் பார்க்கிறார்கள்.

காலமும் பணமும் அடுத்தது. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு இன்னும் 2 வருடச் சலுகை உண்டு. ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. கிடைக்காவிட்டால் வீட்டுப் பணம்தான். கிடைத்தவர்களுக்கும் மாதாமாதம் வரும் என்று சொல்ல முடியாது. நான் படித்த இடத்தில் பதினோரு மாதம் உதவித்தொகை வரவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் வாடகை கொடுத்தேன். கடன் இல்லாமல் ஆறு மாதம் ஓட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுச் சேருங்கள்.

அந்தப் பெண் கிளம்பும்போதுதான் பையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தேன். ஆறு நோட்டு, நீள சைஸ். அவருடைய ஆய்வு, நெசவாளர் வீடுகளும் மழைத்தண்ணீரும். ஒவ்வொரு பக்கமும் ஒரு வீடு: கதவு எண், எத்தனை தறி, தரை தெருவைவிட எவ்வளவு பள்ளம், மழை பெய்தால் தறிக்குழிக்குள் எத்தனை விரல் தண்ணீர் நிற்கும், எத்தனை நாள் நெசவு நிற்கும். சாக்கடை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பென்சிலில் அம்புக்குறி. ஒரு தெருவில் அம்புகள் இரண்டு பக்கமிருந்தும் நடுவீட்டை நோக்கி வந்தன. அந்த வீட்டில் நாலு விரல் தண்ணீர். பார்த்தவுடனே எனக்குச் சிலிர்த்துவிட்டது. மழைநீர் வடிகாலுக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கும்போது இந்த விவரம் கிடைக்காமல்தான் நாங்கள் திண்டாடுகிறோம்.

ஆய்வேட்டில் இது பின்னிணைப்பாக மூன்றே பக்கம். பயோடேட்டாவில் ஒரு வரிகூட இல்லை. "இதை க்யூஜிஐஎஸ்ல நீங்களே போடுவீங்களாம்மா?" என்று கேட்டேன். கணினியில் வரைபடம் போடும் மென்பொருள் அது. "இல்ல மேடம், மேப் எல்லாம் ஒரு அண்ணன்தான் போட்டுக் குடுத்தார்" என்றார். வழிகாட்டியும் இதைக் கற்கச் சொல்லவில்லையாம். எனக்குக் கோபம்தான் வந்தது, அந்தப் பெண் மேல் அல்ல.

க்யூஜிஐஎஸ் இலவசம். முதல் வருடமே உட்காருங்கள். புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) படிக்கவும், பட்டாவையும் மாநகராட்சி வரவுசெலவுத் திட்டத்தையும் புரிந்துகொள்ளவும் பழகுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு எழுதத் தெரிய வேண்டும். வார்டு அளவில் நாங்கள் இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதனால் நீங்கள் தெருத்தெருவாக நடந்து எடுத்த விவரத்துக்கு மதிப்பு அதிகம். ஆலோசனை நிறுவனங்களும், சென்னை, பெங்களூரு ஆய்வு நிறுவனங்களும், தொண்டு அமைப்புகளும் ஆள் எடுப்பது இந்தத் திறமைக்குத்தான். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருட ஒப்பந்த வேலை. அதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பயோடேட்டாவை அன்றைக்கே திருத்தினோம். நோட்டு விவரம் முதல் பக்கத்துக்கு வந்தது. அந்த நடுவீட்டுத் தெருவை அவரே வரைபடமாக்கிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். மலையில் பெருகும் விடுதிகளையும், மலைப்பகுதிக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் 'ஹாகா' விதிகள் நடைமுறையில் என்ன ஆகின்றன என்பதையும் ஆராய வேண்டுமாம். நல்ல தலைப்பு, ஏற்காட்டுக்குத் தேவையான தலைப்பு. இன்னும் சேரவில்லை என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "நீங்க சேரப் போற கைடுகிட்ட கடைசியா முடிச்ச அஞ்சு பேர் இப்ப எங்க இருக்காங்கன்னு கேட்டுட்டு வாங்க தம்பி" என்று அனுப்பினேன். நேற்று போன் செய்தார். மூன்று பேரின் எண் கிடைத்திருக்கிறது. அதில் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாராம்.