பாசிக் கழிவு போட்டால் நொதி மூன்று மடங்கா? பிளாங்க்கைக் காட்டுங்கள்

மண்டபம், பாம்பன் கரையில் ஒதுங்கும் பாசியையும் தாழை எனும் கடற்புல்லையும் அள்ளி, அரைத்து, பேசில்லஸ் பாக்டீரியா வளரும் ஊடகத்தில் கலந்து, ‘மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி மூன்று மடங்கு கூடியது’ என்று முடியும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளுக்குக் குறைவே இல்லை. அட்டவணையைப் பார்த்தால் பிளாங்க், அதாவது கழித்துப் பார்க்க வைக்கும் ஒப்பீட்டுக் குழாய், என்று இருப்பது தண்ணீரும் டிஎன்எஸ் என்ற நிறம் காட்டும் வினைப்பொருளும் மட்டும்!

டிஎன்எஸ் நொதியை அளப்பதில்லை, ஐயா. குழாயில் உள்ள, குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரையை அளக்கிறது. அது நொதி உடைத்ததா, பாசியிலிருந்து இறங்கியதா என்று அதற்குத் தெரியாது. பாசித்தூளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யும்போதே கொஞ்சம் சர்க்கரை கரைந்துவிடும். சென்ட்ரிஃபியூஜ் செய்து நீங்கள் எடுக்கும் ‘நொதிக் கரைசலில்’ அதுவும் இருக்கும். 540 நானோமீட்டரில் ஏறுகிற நிறம் முழுவதையும் நொதிக் கணக்கில் எழுதினால் மடங்கு கூடாமல் என்ன செய்யும்? கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியில் வில்லங்கம் இன்னும் அதிகம். அதன் பீனால்கள், புரதத்தை அளக்கும் லோரி முறையில் புரதம் போலவே நிறம் காட்டும். நொதி யூனிட்டைப் புரத மில்லிகிராமால் வகுக்கும்போது மேல் எண்ணும் தப்பு, கீழ் எண்ணும் தப்பு.

பாசி இல்லாத ஊடகத்தில் பாக்டீரியா ஒன்று, பாக்டீரியா இல்லாத பாசி ஊடகம் ஒன்று, இரண்டும் அதே ஷேக்கரில் அதே மணி நேரம் சுற்றட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் தனி பிளாங்க் வேண்டும்: முதலில் டிஎன்எஸ், பிறகு நொதிக் கரைசல். கொதிக்க வைத்த நொதியை பிளாங்க்காக நம்பாதீர்கள். பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸின் அமைலேஸ் கொதிநீருக்கு எளிதில் மசியாது. செல் வளர்ச்சிக்கு 600 நானோமீட்டர் கலங்கல் அளவும் வேண்டாம், தூளே கலங்கல்தான். தட்டில் வளரும் காலனிகளை எண்ணுங்கள். பாசி செல்லைப் பெருக்கியதால் நொதி கூடியதா, ஒவ்வொரு செல்லும் அதிகம் சுரந்ததா என்பது அப்போதுதான் பிரியும்.

கஞ்சிப்பாசியையோ மரிக்கொழுந்துப் பாசியையோ முழுசாகப் போட்டால் அகார் என்ற கூழ்ப்பொருள் இறங்கி, ஆறும்போது ஊடகம் கூழாகும். ஷேக்கர் சுற்றினாலும் காற்று இறங்காது. அகார் எடுத்தபின் மீந்த சக்கையே போதும். கட்டக்கோரையில் ஆல்ஜினேட் எடுத்த சக்கை என்றால் சோடியம் கார்பனேட் இருக்கும், பி.எச். ஏறும், கழுவிவிட்டு 7-க்குக் கொண்டுவாருங்கள். மணல் போகக் கடல்நீரில் அலசி, உப்பு இறங்க நல்ல தண்ணீரில் மூன்று முறை. 60 டிகிரியில் எடை மாறாதவரை உலர்த்தி, அரைத்து, 1 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, 1 சதவீதத்தில் தொடங்குங்கள். குளுக்கோஸ் சேர்க்காதீர்கள், அது இருந்தால் பேசில்லஸ் அமைலேஸைச் சுரக்கவே தயங்கும்.

எந்தக் கழிவு எந்த நொதிக்கு என்றும் யோசியுங்கள். பழுப்புப் பாசியில் மாவுச்சத்து கிடையாது. அமைலேஸுக்கு அதைத் தேடுவானேன்? செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸுக்குத் தாழை இலை பொருந்தும்.

தயவுசெய்து உயிரோடு இருப்பதைப் பிடுங்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் சேகரிக்கப் போகவே வேண்டாம். கரையில் ஒதுங்கியதிலும் அழுகி நாறும் குவியலைக் கிளறாதீர்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். வேலை முடிந்த ஃபிளாஸ்க்கை ஆட்டோகிளேவ் செய்யாமல் சிங்க்கில் கவிழ்க்கவும் கூடாது. மண்ணிலிருந்து பிரித்த உங்கள் பேசில்லஸ், நஞ்சு சுரக்கும் பேசில்லஸ் சீரியஸ் இனமாகவும் இருக்கலாம்.