பலிபீடம் வேறு, திருவிருந்து மேசை வேறு

"கல் பலிபீடத்தை அகற்றிவிட்டு மரப் பலிபீடம் வைக்க வேண்டும் என்பதே தீர்ப்பு." இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள வட்டத் தேவாலயத்தில் 1840களில் எழுந்த வழக்கைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் போன வாரம் படித்தேன். கொத்தனாருக்கும் தச்சருக்கும் நடந்த சண்டை போல இருக்கிறது. மேசையையும் பலிபீடமாக்கும் இதே பிழை எத்தனையாவது தடவையோ!

ஆங்கில 'ஆல்ட்டர்' லத்தீன் 'அல்தாரே'யிலிருந்து வந்தது, பலியிடும் இடம். பலி என்றால் நமக்கும் படையல். சங்கப் பாட்டில் காக்கைக்கு வைத்த சோறும் பலிதான். ஆகவே ஆல்ட்டருக்குப் பலிபீடம் சரி.

'கம்யூனியன் டேபிள்', அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கான மேசை, அதையும் பலிபீடமாக்குவதுதான் தவறு. கிறிஸ்துவின் பலி ஒரே தடவையில் முடிந்தது, தேவாலயத்தில் நடப்பது விருந்து என்று நம்பியவர்கள் இங்கிலாந்துச் சீர்திருத்தக்காரர்கள். அதனால்தான் இங்கிலாந்துத் திருச்சபையின் 1552 ஜெபப்புத்தகத்தில் ஆல்ட்டர் போய் மேசை வந்தது. 1839இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கேம்டன் சங்கத்துக்கு இடைக்காலக் கோதிக் கட்டடக்கலைமேல் பெரும் பற்று. அந்தச் சங்கத்தார் வட்டத் தேவாலயத்தைப் புதுப்பித்தபோது அங்கே கல்லில் ஆல்ட்டர் கட்டிவிட்டார்கள். அதை எதிர்த்து அந்தத் தேவாலயத்தின் குருவானவர் ஃபாக்னர் வழக்குக்குப் போனார். தேவாலயங்களைப் புதுப்பிப்பது ரோமன் கத்தோலிக்க மார்க்கத்தைப் புதுப்பிப்பதே என்று 1844இல் செல்ட்டன்ஹாம் நகரில் குருவானவர் பிரான்சிஸ் குளோஸ் பிரசங்கித்தார். அவ்வளவு சூடு. 1845இல் நீதிபதி ஜென்னர் ஃபஸ்ட், கட்டி நிறுத்திய கல் மேசையாகாது, மேசை மரத்தால் ஆனதாக, நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

சரி, இரண்டுக்கும் பொதுவாகப் 'பீடம்' என்று போடலாமே என்கிறார்கள் சிலர். அது இன்னும் மோசம். சிவன் கோயிலில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலிபீடத்தைப் பாருங்கள்: தரையோடு பதிந்த கல், யாராலும் நகர்த்த முடியாது. பீடம் என்றதும் நம் மனதில் வருவது அசையாத ஒன்று. அசையுமா அசையாதா என்பதே வழக்காக இருக்கும்போது, அந்தச் சொல்லே ஒரு கட்சிக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. 'வழிபாட்டு மேடை'யும் அப்படித்தான். மேடை கட்டுவது, மேசை தூக்கிப் போடுவது. மேசை போர்த்துகீசியச் சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் தயங்குகிறார்கள். எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும். ஆனால் 'பலி', 'பீடம்' இரண்டும் வடசொல் என்பதை அவர்கள் ஏன் மறக்கிறார்கள்?

நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் இதில் கவனமாக இருந்தார்கள். ஆபிரகாம் கட்டுவது பலிபீடம். பவுல் கொரிந்தியருக்குச் சொல்வது கர்த்தருடைய 'போஜனபந்தி'. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட எவருக்கும் வேறுபாடு புரியும். இப்போதோ அகராதியில் முதலில் கண்ணில் படுகிற சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த வரியை இப்படி எழுதியிருக்கலாம்: "கல் பலிபீடத்தை அகற்றிவிட்டு மரத்தாலான திருவிருந்து மேசை வைக்க வேண்டும்."